நெடுநாள் வினாக்களும் அண்மை விடைகளும்

விஞ்ஞானச் செய்திகளை நாள்தோறும் வாசிப்பவர்களுக்கு, ஒவ்வொரு கண்டுபிடிப்பும் நேற்றைக்குத் திடீரென்று நிகழ்ந்துவிட்டது போன்ற எண்ணம் உண்டாவது இயல்பே. ஆனால் அண்மைக் காலத்தில் வானசாஸ்திரத்திலும், ரசாயனத்திலும், வைத்தியத்திலும் வெளிவந்த பெரும் முடிவுகளை வரிசைப்படுத்தி நோக்கினால், அவற்றுள் தலையாயவை பல நம் பாட்டன்மார் காலத்தில் எழுந்த வினாக்களுக்கு இன்று கிடைத்த விடைகளே என்பது விளங்கும். வினாவுக்கும் விடைக்கும் நடுவே கிடக்கும் அந்த நெடுங்காலத்தில், உடனடிப் பயன் எதையும் எதிர்பாராமல் உழைத்தவர்களின் சரித்திரமே இன்றைய விஞ்ஞானத்தின் உண்மைச் சரித்திரம் ஆகும்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். பெருநிறை கொண்ட பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி விரையும்போது வெளியும் காலமும் அதிர்ந்து, அவ்வதிர்வு ஈர்ப்பலையாகப் பிரபஞ்சமெங்கும் பரவும் என்று ஐன்ஸ்டீன் 1916-ஆம் ஆண்டில் கணித்துச் சொன்னார். பிற்காலத்தில் அவரே அதைக் குறித்து ஐயுற்றதும் உண்டு. அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என்னும் இரண்டு இடங்களில், நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள காற்றகற்றிய குழாய்களில் லேசர் ஒளியைச் செலுத்திக் காத்திருந்த லைகோ ஆய்வுக்கூடங்களுக்கு, 2015 செப்டம்பர் 14 அன்று அந்த அலை வந்து சேர்ந்தது. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றிக் கலந்ததன் அடையாளம் அது. மூன்று சூரியன்களின் நிறை அப்போது சக்தியாக மாறி வெளிப்பட்டிருந்தும், அது பூமியை அடைந்த வேளையில் அக்குழாய்களின் நீளத்தில் உண்டாக்கிய மாறுபாடு ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடப் பல நூறு மடங்கு சிறியது. நூறாண்டு அனுமானமாக மட்டும் இருந்தது அன்று நேரடிப் பிரமாணம் பெற்றது.

இரண்டாண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தபோது, ஒன்றேமுக்கால் விநாடிக்குள் காமாக் கதிரும் தொடர்ந்து வந்தது. உலகெங்குமுள்ள தொலைநோக்கிகள் அத்திசையில் திரும்பி, பொன்னும் பிளாட்டினமும் போன்ற கனத்த மூலகங்கள் இத்தகைய மோதல்களில் பிறக்கின்றன என்பதற்குச் சான்று கண்டன. இவ்வாறு மடிந்த விண்மீன்களைப் பற்றிய சிந்தனையோ பழையது. 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர் என்னும் இளைஞர், மடியும் விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்றும், அதைக் கடந்தது வெண்குறு விண்மீனாக நிலைத்திருக்க இயலாதென்றும் கணித்ததும், அதை எடிங்டன் போன்ற பேரறிஞர் மறுத்துரைத்ததும் நினைக்கத்தக்கவை. 2019-இல் எட்டு வானொலித் தொலைநோக்கிகளை ஒருங்கிணைத்து, 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையொன்றின் நிழலை மனிதர் படம் பிடித்தபோது, அந்த நெடிய சிந்தனை மரபு ஒரு புதிய சிகரத்தை எட்டியது.

பேரண்டத்திலிருந்து சூட்சும அண்டத்துக்கு வருவோம். இருபது வகை அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, அச்சங்கிலி தனக்கே உரிய விதத்தில் மடிந்து உருக்கொள்வதே புரதம். அதன் உருவே அதன் தொழிலை நிர்ணயிக்கிறது. கோக்கப்பட்ட வரிசையைக் கொண்டே உருவை முன்கூட்டிச் சொல்ல இயலுமா என்பது அரை நூற்றாண்டாக ரசாயன அறிஞர்களை வாட்டிய வினா. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், அச்சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் திரும்பவே இயலாது என்பதை வரைந்து காட்டினர். புரதத்தின் வடிவம் ஒன்று சரியானதா என்று சோதிக்க உலகெங்கும் இன்றளவும் அவ்வரைபடமே உரைகல்லாக விளங்குகிறது. 2020-இல் லண்டன் நகரத்து டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்ட் என்னும் கணினி முறை அப்பழைய வினாவுக்குப் பெருமளவு விடை தந்தது. இரண்டே ஆண்டுகளில் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் உத்தேச வடிவங்கள் உலகுக்கு அளிக்கப்பட்டன. 2024-இல் ரசாயன நோபல் பரிசில் ஒரு பாதி இதற்காக அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் கிடைத்தது. ஆயினும் அந்த இயந்திரம் கற்ற பாடமெல்லாம், எக்ஸ் கதிர் முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வடிவத்தையும் மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் ஆராய்ந்து, 1971 முதல் பொதுக் களஞ்சியத்தில் எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்துப்போன ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்களின் தேட்டம் என்பதை மறத்தல் தகாது.

வைத்தியத் துறையிலும் இதே கதிதான். அரிவாள் செல் இரத்தசோகை ஒரு மூலக்கூற்றின் பிழையால் வருவது என்று 1949-இல் லைனஸ் பாலிங் காட்டினார். ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே அப்பிழை என்று சில ஆண்டுகளில் இங்கிராம் கண்டார். காரணம் தெரிந்தும் பரிகாரமின்றிப் பல பத்தாண்டுகள் சென்றன. பரிகாரமோ எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டு உப்பளங்களின் நுண்ணுயிர்களில் திரும்பத் திரும்ப வரும் மரபணு எழுத்துகளை மொஹிகா என்பவர் ஆராய்ந்தார். அவை வைரஸ்களை எதிர்க்கும் தற்காப்பு என்பது பின்னர்ப் புலனாயிற்று. அத்தற்காப்பையே மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியாக்கலாம் என்று 2012-இல் ஷார்பான்டியேவும் டௌட்னாவும் நிரூபித்தனர். நோயாளியின் மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்து பின் அடங்கிப்போன ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்குமாறு திருத்தி, உடலில் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதி அளித்தன.

ஏனைய துறைகளிலும் பழைய வினாக்கள் இவ்வாறே கனிந்து வருகின்றன. 1856-இல் ஜெர்மனியில் எலும்பு கிடைத்த நியாண்டர்தால் மனிதர் நம் மூதாதையருடன் கலந்தனரா என்னும் ஐயத்தை 2010-இல் பேபோவின் குழு தீர்த்து, ஆம் என்றது. 2023-இல் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து பூமிக்கு வந்த மண்ணில், உயிர்கள் கையாளும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு காணப்பட்டன. ஒரு சிறு பழ ஈயின் மூளையிலுள்ள ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்களும் அவற்றின் இணைப்புகளும் 2024-இல் முழுமையாக வரையப்பட்டன.

இவற்றிலிருந்து தெளிவது ஒன்று. உப்பளத்து நுண்ணுயிரை ஆராய்ந்தவரிடம் அதனால் என்ன பயன் என்று அன்றே கேட்டு மானியத்தை நிறுத்தியிருந்தால், இன்றைய சிகிச்சைக்கு அடிப்படையே அமைந்திராது. ஆகையால் பயனை முன்னிறுத்தாத ஆராய்ச்சிக்குப் பொருளும் அவகாசமும் அளிப்பது அரசுகளின் கடமை. ஆனால் பயன் விளைந்தபின் அது யாரைச் சேர்கிறது என்று கேட்பதும் அதே அளவு கடமையாகும். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் தன்மை இருப்பது 1952-லேயே விஞ்ஞான உலகுக்குத் தெரியும். புதிய சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைக்கப்பட்ட விலையோ ஒருவருக்கு 22 லட்சம் டாலர். ராமச்சந்திரனைப் பெற்ற இந்நாட்டின் ஆய்வுக்கூடங்கள் அந்த விலையைக் குறைக்கும் வழியைத் தேட வேண்டும். அதற்கு வேண்டிய பொருளையும் பொறுமையையும் நாம் மனமுவந்து கொடுக்க வேண்டும்.