தொழில் இருக்கு, வேலை இல்ல

பட்ஜெட்டை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. கவிதையைப் படிக்கத் தெரிந்தவர்கள் பட்ஜெட் என்றால் கணக்கு என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் கூட்டல் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அதில் எந்தச் சாதி எந்தத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். பார்க்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பேர் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான். அதன் வரவு செலவுத் திட்டத்தின் நகல் ஒன்று தெரிந்த உறுப்பினர் மூலமாகக் கைக்கு வந்தது. என் ஆத்தா அந்தப் பேரூராட்சியில்தான் முப்பது வருசத்துக்கு மேல தெருக்கூட்டினாள். என் சித்தி மகள், என் தங்கச்சி, இன்றைக்கு அதே தெருக்களைக் கூட்டுகிறாள். ரெண்டு பேரும் அந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று தேடினேன்.

ஆத்தா இருந்தாள். ‘பணியாளர் ஊதியம்’, ‘ஓய்வூதியப் பங்களிப்பு’ என்ற தலைப்புகளில் ஆத்தா மாதிரியானவர்களுக்கு ஒரு வரி மிச்சம் இருந்தது. தங்கச்சியை அங்கே காணோம். தேடிக்கொண்டே போனால் வேறொரு பக்கத்தில், பிளீச்சிங் பவுடர் வாங்கியது, வண்டிக்கு டீசல் போட்டது, குப்பைத்தொட்டிக்கு வெல்டிங் வைத்தது இவற்றோடு ‘வெளிமுகமை மூலம் மேற்கொள்ளப்படும் பணிகள்’ என்று ஒரு வரி கிடந்தது. என் தங்கச்சி அதுக்குள்ளதான் இருந்தாள். ஆள் கணக்கில் இருந்த குடும்பம் ஒரே தலைமுறையில் சாமான் கணக்குக்குப் போய்விட்டது. முன்னுரையில் இதற்கு ஒரு பேரும் வைத்திருந்தார்கள்: ‘நிர்வாகச் செலவினக் குறைப்பு’.

ஆத்தாவின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரில் பாதி வீடுகளுக்கு எடுப்புக் கக்கூஸ்தான். வாளி, தகரம், சாம்பல். பின்சந்து வழியாப் போய் பின்சந்து வழியா வரணும். டீக்கடையில் அவளுக்குக் கொட்டாங்குச்சி. மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், “ஏய்” தான். பள்ளிக்கூடத்தில் என்னைத் ‘தோட்டி மகன்’ என்று கூப்பிட்ட வாத்தியாரை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த நாற்றத்தை எங்கள் வீட்டில் யாரும் பெருமையாகப் பேசினதில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆத்தாவை நிரந்தரம் ஆக்கின அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் ஒரு காகிதம் வந்தது. சர்வீஸ் ரிஜிஸ்டர் என்றார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அதில் தன் பேர் எழுதியிருக்கிறது என்று தெரியும். எங்கள் வம்சத்தில் ஒரு மனுசியின் பேரை அரசாங்கம் எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை. அதைக் காட்டித்தான் சொசைட்டியில் கடன் வாங்கினாள். பி.எஃப்.-லிருந்து எடுத்துத்தான் எனக்குக் காலேஜுக்குப் பணம் கட்டினாள். அப்பா செத்தபோது வட்டிக்காரன் வாசலுக்கு வரவில்லை. மேஸ்திரி கை ஓங்கினபோது, “ஒன்னாந் தேதி எனக்குச் சம்பளம் குடுக்குறது நீயில்ல, ஆபீசு”ன்னு ஒரு நாள் நடுத்தெருவில் கேட்டாள். அந்தச் சொல் அவள் வாயில் வந்ததற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம். இன்றைக்கும் அவளுக்கு ஓய்வூதியம் வருகிறது. பேத்திக்கு மாத்திரை வாங்குவது அதில்தான்.

தங்கச்சிக்கு அந்தக் காகிதம் கிடையாது. ஒப்பந்தக்காரர் மாறினால் அவளும் மறுபடி புது ஆள். பதினோரு வருசம் வேலை பார்த்தவள் ஒவ்வொரு டெண்டருக்கும் முதல் நாள் சேர்ந்தவள் ஆகிறாள். ஆத்தா கடைசியாக வாங்கின சம்பளத்தில் பாதிகூட அவள் கைக்கு வருவதில்லை. பி.எஃப். என்று பிடிக்கிறார்கள், எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்று கேட்டால், “அது பழைய காண்ட்ராக்ட்ல போட்டது, அவருக்கிட்டப் போய்க் கேளு” என்று பதில். போன மழைக்காலத்தில் குப்பைக்குள் கிடந்த பாட்டில் சில்லு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஆபீசுக்குப் போனாள். “நீ எங்க ஆளு இல்லம்மா” என்றார்கள். ஒப்பந்தக்காரரின் ஆளுக்குப் போன் போட்டாள். “லீவு போட்டா சம்பளம் கிடையாது” என்றான். கட்டுப் போட்ட கையோடு மறுநாள் பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அதே தெரு, அதே குப்பை, அதே சாதி. வேலைக்கான உரிமை மட்டும் இல்லை. தொழிலை ஒழிக்கிறோம் என்று 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டார்கள். தொழில் ஒழியவில்லை. ஒழிந்தது வேலைதான்.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. 2000-இல் சென்னையில் சில மண்டலங்களின் குப்பையை ‘ஓனிக்ஸ்’ கம்பெனிக்குக் கொடுத்தார்கள். கம்பெனி போன பிறகும் அந்த ஊர் ஜனங்கள் வேலைக்காரர்களை ‘ஓனிக்ஸ்காரங்க’ என்றே கூப்பிட்டார்கள். 2001-இல் அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கத் தடை வந்தது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றார்கள். 2022-இல் மாநகராட்சிகளுக்கு அரசாணை 152, நகராட்சிகளுக்கு அரசாணை 139. பணியிடங்களைத் திருத்தி அமைக்கிறோம் என்ற பேரில் துப்புரவு உள்ளிட்ட வேலைகளை வெளிமுகமைக்குத் தள்ளிய ஆணைகள் இவை. ரெண்டையும் ரத்து செய் என்று சங்கங்கள் தெருவில் நின்றன. அதே 2022-இல்தான் சொத்துவரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். வரியைக் கூட்டு, ஆளைக் குறை. ஒரே ஆண்டில் ரெண்டும்.

ஆளைக் குறைக்கிறபோதெல்லாம் பேரைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. தோட்டி என்றார்கள். துப்புரவுப் பணியாளர் என்றார்கள். 2020-இல் தூய்மைப் பணியாளர் ஆக்கினார்கள். கிராம ஊராட்சிகளில் ‘தூய்மைக் காவலர்’. காவலருக்கு மாதம் 3,600 ரூபாய் என்றிருந்ததை 5,000 ஆக்கினார்கள்; அதற்குப் பேர் சம்பளம் இல்லை, ‘மதிப்பூதியம்’. மதிப்பு எங்கே இருக்கிறது, ஊதியம் எங்கே இருக்கிறது என்று தமிழ்ப் புலவர்கள் யாராவது பிரித்துக் காட்டினால் நல்லது. மொழியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இந்தச் சொற்களை விமர்சனத்துக்கு எடுத்ததுண்டா?

இந்த இடத்தில் நம் இலக்கியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலை சுந்தர ராமசாமியின் தமிழில் நான் காலேஜில் படித்தேன். ஆலப்புழையில் இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன் என்று மூன்று தலைமுறை. தன் மகன் தோட்டி ஆகக்கூடாது என்று சுடலைமுத்து காசு காசாகச் சேர்க்கிறான். சேர்த்ததை நகராட்சித் தலைவரிடம் கொடுத்துவைக்கிறான். சங்கம் வேண்டாம், தலைவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறான். அந்தப் பணம் அவனுக்குத் திரும்பி வரவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்கு அதில் நாற்றம்தான் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன். தங்கச்சியின் பி.எஃப். கதையைக் கேட்ட பிறகு மறுபடி படித்தேன். இந்தத் தடவை பணம் தெரிந்தது. 1947-இல் தலைவர் கையில் போன காசு இன்றைக்கு ஒப்பந்தக்காரர் கையில் போகிறது, அவ்வளவுதான்.

தகழி பார்த்த அந்தப் பணத்தை நம் எழுத்து போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. நாம் மலத்தை எழுதினோம், தீட்டை எழுதினோம், அவமானத்தை எழுதினோம். எழுதத்தான் வேண்டும், அது நம் உடம்பின் சாட்சி. ஆனால் மஸ்டரை எழுதவில்லை, சம்பளச் சீட்டை எழுதவில்லை, டெண்டரை எழுதவில்லை. நாற்றத்தை மட்டும் எழுதினால் படிக்கிற சாதி இந்து ‘அய்யோ பாவம்’ என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் குப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் (2017) அப்படிப் போகவிடவில்லை. அதில் வேலை செய்கிறவர்களே முகம் காட்டிப் பேசினார்கள். அதனால்தான் அது பலருக்குக் கோபத்தைக் கிளப்பியது.

இப்போது நமக்குள்ளேயே இருக்கிற விவாதத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கின இடத்தில் 16,000 அளவுக்கு இறங்கும் என்றார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு காலைச் சாப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது இட்லி.

அப்போது தோழர் திருமாவளவன் ஒரு கேள்வி எழுப்பினார். துப்புரவு வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்பது அதே மக்கள் அதே தொழிலில் நிரந்தரமாக இருக்கட்டும் என்பதில் கொண்டுபோய் விடாதா, அதிலிருந்து வெளியேறுவதல்லவா விடுதலை என்பது அவர் வாதத்தின் சாரம். இதை எடுத்த எடுப்பில் துரோகம் என்று சொல்ல என்னால் முடியாது. என் ஆத்தாவும் இதைத்தானே சொன்னாள்? “நீ வாளியத் தொட்டா நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்”னு சொன்னவள் அவள். 1927-இல் மகாடில் செத்த மாட்டைத் தூக்காதே என்று சொன்ன அம்பேத்கரின் குரல்தான் அது.

ஆனால் அதே அம்பேத்கர்தான் 1930-களில் பம்பாய் நகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். தொழிலை விடு என்று சொன்னவர், விடுகிற வரைக்கும் கூலியை விடாதே என்றும் சொன்னார். அவருக்கு இது ரெண்டும் முரண்பாடாகத் தெரியவில்லை. என் வீட்டிலும் அது முரண்பாடாக இருக்கவில்லை. நான் வாளியைத் தொடாமல் பேனாவைத் தொட்டதற்குக் காரணம் ஆத்தாவின் நிரந்தர வேலை. வெளியேறுகிற கதவுக்குச் சாவி அந்த சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருந்தது. தங்கச்சியின் மகன் பத்தாவதோடு நின்று வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டான். நாளைக்கு அவனும் பேட்டரி வண்டிக்கு வந்து நின்றால் அதற்குக் காரணம் நிரந்தரமா, ஒப்பந்தமா? தோழரிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான். நிரந்தரம் எங்களைத் தொழிலில் கட்டிப்போடும் என்றால், ஒப்பந்தத்துக்கு மாறின ஊர்களில் குப்பை அள்ளுவது யார்? அய்யரும் செட்டியாரும் வந்துவிட்டார்களா?

பட்ஜெட் கூட்டத்தன்று மன்றத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவிளக்குக்கு நிதி போதாது என்று ஒருவர் சண்டை போட்டார். தார்ச்சாலைக்காக இன்னொருவர். சுடுகாட்டுக் கொட்டகைக்காக எங்கள் ஆள் ஒருவர் எழுந்தார், உட்காரவைத்தார்கள். துப்புரவுச் செலவைக் குறைத்ததற்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தச் செலவைக் குறைத்தாலும் கடைவீதியில் குப்பை தேங்காது. எட்டு மணி நேரம் பத்தாகும், பத்து பேர் பார்த்ததை ஆறு பேர் பார்ப்பார்கள். குப்பை தேங்குவது எங்கள் காலனியில்தான். ஆளைக் குறைத்தால் முதலில் வண்டி வராமல் நிற்பது அங்கேதான். கூட்டுகிறவர்களின் தெரு கூட்டப்படாமல் கிடக்கும். வெட்டு எங்களுக்கு ரெண்டு தடவை விழுகிறது: ஒன்று கூலியில், இன்னொன்று தெருவில்.

இந்த மாவட்டத்தில் பொதுச்சேவை என்ற சொல்லை நாங்கள் சும்மா சொல்லிவிட முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தத் தெருவின் தலித்துகள் மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை வைத்தது. அதை அந்த மக்கள் ஏற்கவில்லை. எங்கள் பக்கம் தண்ணீர் வந்து சேருவதே பெரும்பாடு, வந்து சேர்ந்தாலும் இந்தக் கதி. 2024-இல் புதுக்கோட்டை நகராட்சியை மாநகராட்சி ஆக்கினார்கள். சுற்றி இருந்த ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று கிராமத்துப் பெண்கள் மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டது அறியாமை என்று சிரித்தவர்கள் உண்டு. பலகையில் ‘மாநகராட்சி’ என்று எழுதினால் தங்கள் கைக்கு என்ன வரும், என்ன போகும் என்று சரியாகக் கணக்குப் போட்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர் பட்ஜெட்டை வாங்கிப் படியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஊதியத் தலைப்பில் துப்புரவுக்கு எத்தனை பேர், வெளிமுகமைத் தலைப்பில் எவ்வளவு ரூபாய், அந்த ரூபாயில் தொழிலாளி கைக்கு எவ்வளவு, பிடித்த பி.எஃப். எங்கே போனது என்று கேளுங்கள். குழியில் இறங்கி ஒருவர் செத்தால் 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. செத்த பிறகு அவர் யாருடைய ஆள் என்று தேடுவதைவிட, உயிரோடு இருக்கிறபோதே கேட்டு எழுதிவைப்பது நல்லது.

பட்ஜெட் நகலைத் தங்கச்சியிடம் காட்டினேன். எட்டாவது வரை படித்தவள், விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

“அண்ணே, பிளீச்சிங் பவுடருக்கு எத்தன மூட்டைன்னு போட்டிருக்காங்க. எங்களுக்கு எத்தன பேருன்னு போடலியே?”

“போடல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “பி.எஃப். ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. என் பேரு மட்டும் வேணாம், நாங்க பதினாலு பேரும் கையெழுத்துப் போடுறோம்” என்றாள்.

அன்று ராத்திரியே எழுதினோம். பதினாலு கையெழுத்தில் நாலு கைநாட்டு. ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.