கோப்பு அங்கே, முடிவு எங்கே?

வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் எந்த ஏற்பாட்டிலும் சில கேள்விகளுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கோப்பைத் திறக்க இவருக்கு அனுமதி உண்டா? கையிலுள்ள நகல் இன்னும் செல்லுமா? எழுதியது வட்டில் சேர்ந்துவிட்டதா? பதில் சொல்வது சர்வரா, கிளையன்டா என்பதைப் பொறுத்தே வேகமும் பாதுகாப்பும் அமைகின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களின் நடுவில் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை, இந்தப் பங்கீட்டைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

அதன் தொடக்க வடிவமைப்பு துணிச்சலானது. எந்தக் கிளையன்ட் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது என்ற கணக்கையே சர்வர் வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எவ்வளவு என்பதை ஒவ்வொரு கோரிக்கையும் தானே சொல்லும். அதனால் சர்வர் விழுந்து எழுந்தாலும் மீட்க வேண்டிய கணக்கு ஏதுமில்லை. பதில் வரும்வரை கிளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும்.

இந்த எளிமையால் அடிபட்டது ஒத்திசைவு. கணக்கு வைக்காத சர்வரால் "உன் நகல் பழசாகிவிட்டது" என்று யாருக்கும் சொல்ல முடியாது. நகலின் ஆயுளைக் கிளையன்டே ஊகிக்க வேண்டும். லினக்ஸின் இயல்பு அமைப்பில், ஒரு கோப்பின் பண்புகளைக் கிளையன்ட் 3 முதல் 60 விநாடி வரை மறுபடி கேட்காமல் நம்பும். ஒருவர் எழுதி மூடியபின் இன்னொருவர் திறந்தால் சிக்கலில்லை. ஒரு கணினி பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டேயிருக்க, மற்றொன்று அதைத் திறந்துவைத்துப் படித்தால், புதிய வரிகள் பிந்தித்தான் தெரியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஃப்எஸ் இதற்கு எதிர்வழியில் சென்றது: யாரிடம் நகல் இருக்கிறது என்பதைச் சர்வர் குறித்துவைத்து, கோப்பு மாறினால் தகவல் சொல்லும். நகல் நம்பகமானது, சர்வர் வைக்கவேண்டிய கணக்கு கூடியது.

அனுமதியில்தான் பங்கீடு மோசமாகப் பிசகியது. இரண்டாம் பதிப்பில், திறக்கலாமா என்பதை அனுமதி பிட்டுகளைப் பார்த்துக் கிளையன்டே தீர்மானித்தது. சர்வரின் விதி வேறாக இருந்தால், திறந்த கோப்பைப் படிக்கப்போகும்போது மறுப்பு வரும். 1995இல் வெளியான மூன்றாம் பதிப்பு, சர்வரையே கேட்டறிய ஒரு தனி அழைப்பைச் சேர்த்தது. ஆனால் கேட்பவர் யார் என்பதற்கு, வழக்கமான அமைப்பில், கிளையன்ட் அனுப்பும் பயனர் எண்ணே சான்று. தன் மடிக்கணினியில் ரூட் உரிமை உள்ளவர் 1001 என்ற எண்ணில் ஒரு கணக்கை உருவாக்கிக்கொண்டால், சர்வரில் அந்த எண்ணுக்குரியவரின் கோப்புகள் அவருக்குத் திறந்துவிடும். ரூட் பயனரைத் தடுக்கும் வழக்கமான விதி, இந்த வேடத்தைத் தடுக்காது.

எழுதுவதில் அதே மூன்றாம் பதிப்பு நல்ல முன்மாதிரி. முன்பு எழுதும் ஒவ்வொரு கோரிக்கையின் தரவும் வட்டில் சேரும்வரை சர்வர் பதில் தராது. இப்போது கிளையன்ட் வேகமாக அனுப்பிக்கொண்டே போகலாம். உறுதிசெய்யும் நேரத்தையும் அதுவே தேர்ந்தெடுக்கலாம். சேர்ந்ததற்குச் சான்று சர்வருடையது. இடையில் சர்வர் மறுபடி தொடங்கியிருந்தால், பதிலோடு அது தரும் சான்றெண் மாறியிருக்கும். கிளையன்ட் தன்னிடமுள்ளதை மீண்டும் அனுப்பும்.

நான்காம் பதிப்பு கோப்பின் பொறுப்பையே தவணைக்குக் கிளையன்டிடம் ஒப்படைத்து, வேறொருவர் முரணாகக் கேட்டால் திரும்பப் பெறுகிறது. முதலில் அந்தத் திரும்பப்பெறும் அழைப்புக்குத் தனி இணைப்பு வேண்டியிருந்தது. தீயரண்கள் அதை மறித்தால் ஒப்படைப்பே நடக்காது. 2010இல் வந்த 4.1, கிளையன்ட் தொடங்கிய இணைப்பிலேயே அந்த அழைப்பையும் அனுப்ப வழிசெய்தது.

வேகத்துக்கான முடிவுகளைக் கிளையன்டிடம் கடனாகத் தரலாம். தவணையும் திரும்பப்பெறும் வழியும் இருக்க வேண்டும். யார் என்ற அடையாளத்தை மட்டும் கிளையன்டின் சொல்லுக்கு விடக்கூடாது. அதற்கான கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையின் ஆதரவை நான்காம் பதிப்பின் வரையறை கட்டாயமாக்கியும், நிறுவுவது சிரமம் என்று பலர் பழைய எண் முறையிலேயே நிற்கிறார்கள். பயனர்கள் தங்கள் சொந்தக் கணினியை இணைக்கும் வலையமைப்பில் அந்தச் சிரமத்தைப் பட்டே ஆகவேண்டும்.