புனைகதை மாந்தரின் பெயர்: திருகோணமலை எழுத்துக்களை முன்வைத்து ஒரு நோக்கு

கதைமாந்தருக்குப் பெயரிடுதல் சிறு செயல் போலத் தோன்றும். எனினும் தமிழிலக்கியத்தில் அது பெரியதொரு மாற்றத்தைக் குறிப்பதாகும். அகத்திணை மாந்தரைச் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. தலைவன், தலைவி, தோழி என்னும் பொதுமையே அங்குப் போதியதாயிற்று. நாவலோ தனிமனிதரைப் பற்றியது, பெயரின்றி அமையாதது. அவ்வாறாயின் கதைமாந்தரின் பெயர் எப்பொழுது பொருளுடையதாகின்றது? திருகோணமலையைச் சேர்ந்த இருவரின் தொடக்ககால நூல்கள் இவ்வினாவை ஆராயத் துணைசெய்கின்றன.

இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் வழங்கிய ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டையரின் கதையைத் தழுவியது அது. காட்டிலே கரடியால் வளர்க்கப்பட்டவன் ஓர்சன். பிரெஞ்சு மொழியில் அப்பெயர் கரடிக்குட்டியைச் சுட்டும். மூலக்கதையில் பெயரே கதையின் வித்தாகும். தமிழில் அது ‘ஊசோன்’ ஆனபோது ஒலி எஞ்சியது; பொருள் மறைந்தது.

1895இல் சென்னையில் வெளிவந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ வேறொரு வழியினது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பலர் கொள்ளும் இந்நூல் நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது. மயக்கும் மேனியாள் எனப் பொருள்படும் வடமொழிப் பெயர் தலைவிக்கு அமைந்தது; நாயக்கர் அரசவைச் சூழலுக்கு அது பொருந்துவதே. எனினும் அழகி என்பதற்கு மேல் அவளைப்பற்றி அது நமக்கு யாதும் உணர்த்துவதில்லை. பின்னர் 1919இல் சுருக்கப்பதிப்பாக வந்தபோது, நூற்பெயரும் ‘சொக்கநாத நாயக்கர்’ என்றாயிற்று. கற்பனைத் தலைவியின் இடத்தை வரலாற்று மன்னனின் பெயர் பெற்றமை மனங்கொளத்தக்கது.

ஈண்டு ஒரு முரண் தெரிகின்றது. ‘இன்னாசித்தம்பி’ என்னும் ஆசிரியர் பெயரை நோக்குக. இக்னேசியஸ் என்னும் புனிதரின் பெயர் தமிழ் நாவிலே இன்னாசியாகி, ‘தம்பி’ என்னும் உறவுச்சொல்லோடு இணைந்துள்ளது. கத்தோலிக்கம் கரையோரத் தமிழரிடை வேரூன்றிய வரலாறு அவ்வொரு பெயரில் அடங்கும். கதையை எழுதியவர் பெயரிலே இம்மண் இருந்தது. எழுதப்பட்டோர் பெயரிலே இல்லை. இதனை அவ்வாசிரியர்களின் குறையாகக் கூறோம். அவர்கள் மேற்கொண்ட களங்கள் வேறு. ஆயின், இம்மண்ணையே களமாகக் கொள்வோர்க்கு அவ்விலக்கு இல்லை. மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ (1962) போன்ற ஆக்கங்கள் வந்தபின், கரையோர மக்களின் வாழ்வே கதைக்குரியதாயிற்று.

சல்லியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை நகருக்கு வடக்கே முத்துமாரியம்மன் கோயில் கொண்ட கடற்கரை ஊர் அது. அத்தகைய ஊரிலே மாரிமுத்து என்னும் பெயருக்கு அகராதிப் பொருள் தேடுவார் இலர். அம்மை கண்ட ஆண்டையோ, தாய் வைத்த நேர்த்தியையோ அது நினைவூட்டக்கூடும். கோணாமலை என்னும் பெயர் கோணேசர் கோயிலைச் சுட்டும். பேரனுக்கு வடவெழுத்து மிக்க, எண்சோதிடம் பார்த்த பெயர் அமையின், இரு தலைமுறைக்கு இடையிலான தொலைவு ஆசிரியன் கூறாமலே புலனாகும். வள்ளம், வலை உடையவன் ‘சம்மாட்டியார்’ என விளிக்கப்படுவதும், அவனிடம் கூலிக்குச் செல்வோன் வெறும் பெயரால் அழைக்கப்படுவதும் ஊரின் பொருளியல் உறவையே காட்டிவிடும்.

நேர்மையாளனுக்குச் சத்தியசீலன் என்றும், துயருற்றவளுக்குச் சோகவதி என்றும் பெயரிடுதல் பொருள் பொதிந்த பெயரீடு எனக் கருதப்படுகின்றது. அது பாத்திரத்தின் முடிவை முதற்பக்கத்திலேயே கூறிவிடுவதன்றி வேறில்லை. குழந்தை பிறந்தபோது அதன் குணத்தைப் பெற்றோர் அறியார். அவர்தம் பத்தி, ஆசை, அச்சம், குலவழக்கு ஆகியனவே பெயராகின்றன. ஆதலின் பெயரின் பொருள் அதனைத் தாங்குவோனிடம் அன்று, இட்டோரிடமே உள்ளது என்பது எம் கருத்து.

போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட கரை இது. இழந்தோரின் பெயர்கள் பட்டியல்களாகவே எஞ்சிய நிலையில், அம்மக்களைப் பற்றிய கதையில் எவ்வூர்க்கும் உரியதல்லாத அழகுப்பெயரை இடுதல் அவர்களை மீண்டும் அந்நியராக்குவதாகும். பெயரை அகராதியிலே தேடுமுன் எழுத்தாளர் ஊரிலே தேடுவாராக.