பச்சை வாசனை

வினிகரில் ஊறவைத்துச் செய்யும் புதுச்சேரிப் பன்றிக்கறியான விந்தாய்க்குச் சுருக்குவழிதான் மசாலாவைக் கறிக்குள் ஏற்றும் ஊசி என்று புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. பண்டசோழநல்லூரில் ஒரு தென்னந்தோப்பு விருந்தில், மூடி போட்ட கரியடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டு மச்சான் அதைச் சொன்னபோது சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். கையில் மாட்டாஸ்பத்திரியில் பார்க்கிற அளவுக்கு ஓர் ஊசி. எதிரே பலகையில், வெந்து இறங்கிய 3 கிலோ பன்றி முன்தொடை. "ஆயா மூணு நாள் வினிகர்ல ஊறவெச்சாங்க. நான் மூணு நிமிஷத்துல உள்ள ஏத்திட்டேன். வேற என்ன மச்சான் வித்தியாசம்?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. வாய் நிறையக் கறி இருந்தது.

ஊசியால் ஆகிற காரியம் ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. பெரிய கறித்துண்டின் நடுவுக்கு உப்பு போய்ச் சேர நாள் கணக்காகும். ஊசி அதை உடனே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உப்புநீர் ஏறிய கறி வேகும்போது வற்றிப்போவதும் குறைவு. கரியின் மேலும் எனக்குப் புகார் கிடையாது. சீமைக்கருவேலங்கரி நீறு பூத்து நிற்கையில், தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வைத்து, மூடியைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் சும்மா இருக்கிற பொறுமை மச்சானுக்கு இருந்தது. அந்த மூடியடுப்பு 1952இல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவையை இரண்டாக வெட்டிச் செய்தது. எளிமையான, நல்ல யோசனை. தோலும் கொழுப்புமான மேல் வார் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கொழுப்பு தணலில் சொட்டி எழுந்த புகை தோப்பு முழுக்க நின்றது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குப் பன்றிக்கறி என்பது கொல்லைப்புறத்தில் சமைத்து, யாராவது கேட்டால் வெறுமனே 'கறி' என்று சொல்லி முடித்துக்கொள்கிற சமாச்சாரம். யார் தின்பார்கள், யார் தின்னமாட்டார்கள் என்ற பேச்சுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. தோப்பில் திறந்தவெளியில் அடுப்பைப் போட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் எதிரில் பன்றியைச் சுட்டுப் பரிமாறியது நல்ல காரியம். 'பார்பெக்யூ' என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகுதான் அதற்கு வாசல் திறந்தது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

சரி, ஊசிக்கு வருவோம். அது எந்த நோய்க்கு மருந்தாக வந்தது? அமெரிக்காவில் கொழுப்பென்றாலே பயந்த காலத்தில், 1987இல், பன்றிக்கறியை 'இன்னொரு வெள்ளைக் கறி' என்று கோழிக்குப் பக்கத்தில் நிறுத்தி விளம்பரம் செய்தார்கள். அதற்கேற்பப் பன்றியையும் இளைக்கவைத்து வளர்த்தார்கள். கொழுப்பு போனதும் கறி சக்கையாகக் காய்ந்தது. காய்ந்த கறிக்கு வைத்தியமாக, உப்பும் பாஸ்பேட்டும் கரைத்த நீரை ஆலையிலேயே ஊசி போட்டு ஏற்றினார்கள். எடையில் பத்து சதவீதத்துக்கு மேல்கூட ஏற்றுவதுண்டு. தண்ணீரும் கறி விலைக்குப் போயிற்று. நம் கறிக்கடையிலோ "வாரோடு போடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். விரல் தடிமனுக்குக் கொழுப்பு கிடக்கிற தொடைக்கு எதற்கு இந்த வைத்தியம்?

இதெல்லாம் சில்லறைச் சண்டை. என் ஆட்சேபம் வேறு. வீட்டில் எல்லோருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. ஊசி போட்ட கறியில் மசாலாவின் பச்சை வாசனை போவதே இல்லை.

தமிழ்ச் சமையலுக்கு ஒரே ஒரு விதி எழுதச் சொன்னால், பச்சை வாசனை போகிற வரை வதக்கு என்பதைத்தான் எழுதுவேன். இஞ்சி பூண்டு விழுதானாலும், மிளகாய்த்தூள், மல்லித்தூளானாலும் நாம் எதையும் பச்சையாக விட்டுவைப்பதில்லை. அரைத்த மசாலாவை எண்ணெயில் போட்டதும் முதலில் அதிலுள்ள தண்ணீர்தான் சலசலக்கும். அந்தத் தண்ணீர் இருக்கிற வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிகிறபோதுதான் சூடு மேலே ஏறுகிறது, பூண்டு இனிக்கிறது, மல்லியின் மண்வாடை போகிறது, மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில் இறங்குகின்றன. 'எண்ணெய் பிரியும்வரை' என்று பாட்டிகள் சொன்னது தெர்மாமீட்டர் இல்லாமல் சொன்ன வெப்பநிலை.

ஊசி ஏற்றிய மசாலாவுக்கு உள்ளே என்ன நேர்கிறது? கறி வெந்ததாகச் சொல்லி அடுப்பிலிருந்து எடுக்கும்போது நடுப்பகுதி 70 டிகிரி பக்கத்தில் நிற்கும். சுற்றிலும் ஈரம். எண்ணெய் பிரிவதற்கு அங்கே வழியே இல்லை. வெளியே தோல் பொன்னிறமாக நொறுங்கிக்கொண்டிருக்க, உள்ளே அரைத்த பூண்டின் சாறு வெந்நீரில் உட்கார்ந்திருக்கிறது. அன்று நான் மென்றுகொண்டிருந்தது அதைத்தான். முதல் கடியில் புகை, இரண்டாவதில் கொழுப்பு, மூன்றாவதில் மஞ்சளும் பூண்டும் கலந்த ஒரு பச்சை நெடி. காய்ச்சலுக்கு ஆயா கொடுக்கிற கஷாயத்தின் ஞாபகம் வந்தது. அதுவும் கறி முழுக்கச் சமமாக இல்லை. ஊசி போன தடத்தில் மஞ்சள் கோடுகளாக, திட்டுத்திட்டாகத் தேங்கியிருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் வெறும் உப்புக்கறி.

மசாலாவை முதலில் வதக்கிவிட்டு ஏற்றலாமே என்று மச்சான் பிறகு கேட்டார். ஏற்றலாம், ஊசித்துளை விடாது. விழுதைத் துணியில் வடிகட்டித் தெளிவை மட்டும்தான் குழாய்க்குள் இழுக்க முடியும். வடிகட்டியில் தங்குகிறதே, அதுதான் மசாலா. மிளகாய், கிராம்பு, பட்டை எல்லாவற்றின் மணமும் தண்ணீரைவிட எண்ணெயோடுதான் ஒட்டும். அந்த எண்ணெயும் சக்கையோடு வடிகட்டியிலேயே நின்றுவிடும். கீழே இறங்குவது உப்பு, புளிப்பு, கொஞ்சம் நிறம். அதை ஏற்றிவிட்டு 'மசாலா உள்ளே போய்விட்டது' என்பது, ரசத்தின் மேல்தெளிவை ஊற்றிவிட்டுச் சாம்பார் போட்டேன் என்பது போல.

இப்போது விந்தாய். போர்த்துகீசியர் மதுவிலும் பூண்டிலும் பன்றிக்கறியை ஊறவைத்த பழக்கம் கோவாவில் விந்தாலுவாகவும் புதுச்சேரியில் விந்தாயாகவும் ஆன கதை எல்லோருக்கும் தெரியும். அதில் வினிகரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், மச்சானும் அதைத்தான் பார்த்தார். எங்கள் வீட்டில் மிளகாய், சீரகம், கடுகு, மஞ்சள், பூண்டு எல்லாவற்றையும் வினிகர் விட்டே அரைப்பார்கள். ஊறியது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த விழுது பன்றிக் கொழுப்பிலேயே வதங்கி, வினிகரின் நெடி மூக்கில் ஏறி எல்லோரும் இருமி, பிறகு அந்த நெடி அடங்கி எண்ணெய் மிதந்து வருவது. துண்டுகள் சின்னவை, மசாலா உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை, கறிதான் மசாலாவுக்குள் போகிறது. மூன்று நாள் ஊறலை மூன்று நிமிஷமாக்கிவிடலாம். வதக்கலை எதைக்கொண்டு சுருக்குவது?

பிரெஞ்சுச் சமையலிலும் ஊசி உண்டே என்பார்கள். உண்டு. கொழுப்பில்லாத கறிக்குள் பன்றிக் கொழுப்பைக் கீற்றுகளாகச் செருகுவதற்கென்றே நீளமான ஊசி வைத்திருந்தார்கள். அந்த ஊசி கொண்டுபோனது கொழுப்பு, தண்ணீர் அல்ல. ஆட்டுத்தொடையில் கத்தியால் குத்திப் பூண்டுப்பல்லைச் செருகுகிறார்களே, அது வதங்குகிறதா என்று கேட்டால், அது முழுப்பல், விழுதல்ல என்பேன். (இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. இருந்தாலும் விடுவதாக இல்லை.)

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. வெட்டாத முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அமெரிக்க வேளாண் துறை 2011இல் பன்றிக்கறியின் முழுத்துண்டுகளுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று தளர்த்தியது. ஊசி மேலே இருப்பதை நடுவுக்குத் தள்ளுகிறது. ஊசி போட்ட துண்டைக் கொத்துக்கறி மாதிரி நினைத்து 71 வரை வேகவிடுவதுதான் புத்தி. அவ்வளவு வேகவிட்டால், ஏற்றிய ஈரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஊசிக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெறும் கல்லுப்பும் தட்டிய மிளகும் முந்தின இரவே தேய்த்து வைத்து அதே கரியில் போட்டிருந்தால் அந்தத் தொடை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மசாலா வேண்டுமென்றால் தனியாக ஒரு சட்டியில் வதக்கி, வெட்டிய துண்டுகளின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். மச்சானிடம் சொன்னேன். "அப்புறம் ஊசி எதுக்கு?" என்றார்.

மறுநாள் காலையில் மிஞ்சிய கறியை அக்கா துண்டு போட்டு, மண்சட்டியில் சின்ன வெங்காயத்தோடு கிளறிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கோடுகள் கரைந்து, எண்ணெய் விளிம்பில் தனியாக வந்து நின்றது. மச்சான் இட்லிக்கு இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் கிணற்றடியில் உட்கார்ந்து, ஊசித்துளையில் அடைத்திருந்த மசாலாவை ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.