விறைப்பு எண்: அளவா, விளம்பரமா?

இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் சறுக்கி இறங்குவோர் உண்டு. இப்பனிச்சறுக்குப் பலகைகளின் விளம்பரங்களில் 'விறைப்பு 10-க்கு 8' போன்ற எண்களைக் காணலாம். செங்குத்துச் சரிவுக்கும் புதுப் பனிக்கும் எண் கூடினால் நல்லது என்கிறார்கள். இதை அப்படியே ஏற்கலாமா?

முதற்குறை: இவ்வெண்ணுக்கு அலகும் இல்லை, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுமுறையும் இல்லை. ஒருவரது 8 மற்றொருவரது 6 ஆக இருக்கலாம்.

இரண்டாவது, விறைப்பு இருவகைப்படும். நீளவாக்கில் வளைவதை எதிர்ப்பது ஒன்று. முறுக்கத்தை எதிர்ப்பது மற்றொன்று. செங்குத்தான, இறுகிய பனியில் எஃகு விளிம்பு நன்கு பற்ற முறுக்க விறைப்பு மிகவும் தேவை. ஒற்றை எண் இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை.

மூன்றாவது, மென்பனியில் மிதத்தல். நீங்களே கணக்கிடுங்கள். 80 கிலோகிராம் மனிதர், 160 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட பலகை: அழுத்தம் சுமார் 2,000 பாஸ்கல். இக்கணக்கில் விறைப்பு எங்கே வந்தது? மிதக்கச் செய்பவை பரப்பும், வேகமும், மேல்நோக்கி வளைந்த அகன்ற முனையுமே.

விறைப்பு வேண்டாம் என்பதல்ல. வேகத்தில் பலகை அதிராமலிருக்க அது உதவும். ஆனால் தம் எடையால் வளைக்க இயலாத பலகையை விரைவில் திருப்ப முடியாது. பாறையும் மரமும் நிறைந்த சரிவில் அது உயிருக்கே ஆபத்து. எனவே எந்த எடையினருக்கு உரியது, முனையின் அகலம் என்ன என்று முதலில் கேட்பதே அறிவுடைமை. விறைப்பு எண்ணைப் பிறகு பார்க்கலாம்.