குழாய் உள்ளே போனால் போதுமா?

சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையப் படியருகே சென்ற மாதம் ஒருவர் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். ஜீரண உறுப்புச் சிறப்புச் சிகிச்சைக்கான விளம்பரம் அது. மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். இத்தகைய நோட்டீஸ் வாசகர்கள் பலருக்கும் கிடைத்திருக்கும். "வாயுத் தொல்லையா? நெஞ்செரிச்சலா? இன்றே எண்டோஸ்கோபி!" என்று தொடங்கி, கொலனோஸ்கோபி, இ.ஆர்.சி.பி. என்று பட்டியலும் சலுகைக் கட்டணமும் தருகிறது. விளம்பரம்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் வயிற்று நோயைப் பற்றி நம்மில் பலர் படிக்கும் ஒரே தமிழ்ப் பக்கம் இதுதான். ஆகவே ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் இதையும் மதிப்பிடலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். படம் தெளிவு; குழாய் என்றதும் எழும் பயத்தை இதமாகப் போக்குகிறது. பயாப்ஸியைச் 'சதைத் துணுக்குச் சோதனை' என்று எழுதியவரைப் பாராட்ட வேண்டும்.

இக்குழாயின் அருமை தெரிய, பழைய நெய்யூரை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். முன்சிறுகுடற் புண்ணால் வழி அடைபட்டு, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு வயிற்றைத் திறந்துதான் வைத்தியம். புண்ணின் காரணத்தை அன்று மக்களின் உணவில் தேடினார்கள்.

1954இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, வளையும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் இரைப்பை நோக்கியை உருவாக்கி, 1957இல் தாமே விழுங்கிப் பார்த்தார்! புண் கண்ணுக்குத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. குழாய் வழியே கிள்ளியெடுத்த துணுக்குகளிலிருந்துதான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982இல் ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்தெடுத்தனர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அடக்கமுடியாத புண்ணாகக் கருதப்பட்டது, இரண்டு வார மாத்திரையில் ஆறும் நோயாயிற்று.

இக்கிருமியைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. எனக்கே ஒருமுறை எண்டோஸ்கோபி ஆயிற்று. வண்ணப் படத்துடன் 'லேசான அழற்சி' என்று அறிக்கை வந்தது; கிருமிச் சோதனை செய்தார்களா என்பதற்குக் குறிப்பே இல்லை. முந்தின இரவுவரை அமில மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். அது கிருமியை மறைத்துவிடக்கூடும்; மருத்துவர் சொற்படி இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது முறை. மூட்டுவலி மாத்திரை உண்டா என்றும் எவரும் கேட்கவில்லை. அதுவும் புண்ணுண்டாக்குவதே.

வாயு என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் அடைப்பது இதைவிடப் பெரிய குறை. அபாய அறிகுறி இல்லாத இளைஞருக்குப் பெரும்பாலும் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ முதலில் போதும். விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கருநிற மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி உள்ளவர் நாள் கடத்தக்கூடாது. இவர்களும் 'வாயுதான்' என்று கடையில் மாத்திரை வாங்கி மாதங்களைக் கழிக்கிறார்கள். இந்த அறிகுறிகளை அச்சிட நாலு வரி போதும். அந்த இடத்தைச் சலுகைக் கட்டணம் பிடித்துக்கொண்டது.

இ.ஆர்.சி.பி.யைச் சாதாரணப் பரிசோதனைகளோடு ஒரே வரியில் சேர்த்ததை மன்னிக்க இயலாது. பித்த நாளத்தில் சிக்கிய கல்லை எடுப்பது போன்ற சிகிச்சைக்கு உரியது அது. நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்குக் கணைய அழற்சி வரலாம். வெறுமனே பார்ப்பதற்கு ஸ்கேன் இருக்கிறது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடக்கூடாது.

நோட்டீஸ் கொடுத்த இடத்திலிருந்து பறக்கும் ரயிலில் அடுத்த நிலையம் பார்க் டவுன். இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வயிறு, குடல் நோய்களுக்கெனத் தனித் துறையே அங்குண்டு. வரிசையில் காத்திருக்க நேரும். நோட்டீஸின் சலுகையோ மாதக் கடைசி வரைதான்.