காந்தப் போர்வையும் கிழட்டுக் குதிரையும்

குதிரைக்குப் போடும் காந்தத்துடிப்புப் போர்வை பல ஆயிரம் டொலர் விலை. ஒஷாவாவின் வடக்கே, ரக்லன் பக்கத்து லாயங்களில் இப்போது இதுதான் பேச்சு. வயதான குதிரையின் மூட்டுப்பிடிப்புக்குக் கைகண்ட மருந்து என்கிறார்கள். என் அண்ணன் மகளின் குதிரைக்கு 24 வயது. பின்னங்கால் இரண்டிலும் ஹொக் மூட்டில் வாதம். ஹொக் என்பது பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் அந்த மூட்டு. மனிதருக்குக் கணுக்கால் எதுவோ, குதிரைக்கு அது. வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு போர்வையைக் கொண்டுவந்தோம். கடையின் பெயரும் கொம்பனியின் பெயரும் இங்கே வேண்டாம். சந்தையில் இருப்பவை பலவும் ஒரே மாதிரித்தான்.

பெட்டியைத் திறந்தால் வலைத்துணியில் தைத்த கனமான போர்வை. முதுகிலும் இடுப்பிலும் செப்புக் கம்பிச் சுருள்கள். கால்களுக்குத் தனியாக இரண்டு உறைகள். பற்றரியும் கட்டுப்படுத்தியும் தோள்பக்கப் பையில். கூடவே சின்னக் காந்தம் ஒன்று. சுருளின்மேல் அதைப் பிடித்தால் விரல்நுனியில் துடிக்கிறது. இது இல்லாவிட்டால் கருவி வேலை செய்கிறதா, பச்சை விளக்கு மட்டும் எரிகிறதா என்று தெரியவே தெரியாது. கையை வைத்தால் சூடும் இல்லை, அதிர்வும் இல்லை.

மாட்டுவது சுலபம். கழற்றுவதுதான் பாடு. ஒட்டுப்பட்டியில் வைக்கோல், மரத்தூள், குளிர்காலத்துக் குதிரைமயிர் எல்லாம் அப்பிக்கொண்டு இரண்டாம் வாரமே பிடி தளர்ந்துவிட்டது. பழைய பல்துலக்கியால் சுரண்டினால் மீண்டும் ஒட்டுகிறது. பற்றரி ஒஷாவாக் குளிருக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. லிதியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே மின்னேற்றக்கூடாது, அப்படிச் செய்தால் அது கெட்டுவிடும். ஆகவே அதை ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். போனில் இயக்கும் செயலி தகரக் கூரைக்குக் கீழே அடிக்கடி தொடர்பை இழந்தது. பொத்தானை அமத்துவதே மேல்.

குதிரைக்குப் பிடித்ததா? பிடித்தது. சிறிது நேரத்தில் கீழுதடு தொங்கும், ஒரு பின்னங்காலை நுனியில் ஊன்றி ஓய்வாக நிற்பாள், வாயைச் சப்புவாள். "சித்தப்பா, இண்டைக்கு எவ்வளவு லேசா நடக்கிறாள், பாத்தீங்களா?" என்று மகள் கேட்பாள். நானும் ஓம் என்பேன். சிக்கல் இந்த ஓமில்தான் இருக்கிறது. செல்லப்பிராணிக்குச் செலவழித்தவருடைய கண் தேற்றத்தையே பார்க்கும். நாய்களின் மூட்டுவாதத்தில் மிருக வைத்தியர்கள் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். வெற்று மாத்திரை கொடுத்தாலும் சொந்தக்காரர் 'பரவாயில்லை' என்கிறார். தேர்ந்த கண்ணுக்கும் இதே கதிதான். 2010இல் மிருக வைத்தியர் கெவின் கீகனும் கூட்டாளிகளும் 131 குதிரைகளை அனுபவமுள்ள வைத்தியர்களிடம் காட்டினார்கள். கடுமையான நொண்டலில் ஏறத்தாழ எல்லாரும் ஒத்துப்போனார்கள். லேசான நொண்டலில் ஒத்துப்போனது 62 வீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே பாதி சரியாகிவிடும், யோசித்துப் பாருங்கள். கண்ணை நம்பமுடியாது என்பதால்தான் தலையிலும் இடுப்பிலும் வலது முன்காலிலும் உணரியைக் கட்டி அளக்கும் கருவியைக் கீகன் உருவாக்கினார். ஸ்வீடனின் ஸ்லைப் செயலி போன் கமெராவைக்கொண்டே அதைச் செய்கிறது.

எங்களிடம் இரண்டும் இல்லை. இருந்தது போனின் மெதுவேகப் பதிவும் புதுப்பனியும். பனிதான் எங்களுக்கு நல்ல கருவியாக வாய்த்தது. லாயத்திலிருந்து வேலிவரை போகும் பாதையில் இரவு விழுந்த பனிமேல் குதிரையை நேராக நடத்தினால் முன்குளம்பின் தடத்தில் பின்குளம்பு எங்கே விழுகிறது என்று தெரியும். தாராளமாக நடக்கும் குதிரையின் பின்குளம்பு முன்தடத்தை மூடும், சிலது தாண்டியும் விழும். இவளுடையது ஒரு சாண் பின்னால் விழுந்தது. அதோடு ஒவ்வொரு பின்தடத்துக்கும் முன்னே நுனி இழுபட்ட கோடு, விரலால் கீறியதுபோல. அந்தக் கோட்டின் நீளத்தைத்தான் அளந்துகொண்டு வந்தோம்.

சில காலை வெறுமனே நடத்தினோம். சில காலை போர்வை போட்டு நடத்தினோம். போர்வை போட்ட நாட்களில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பது லாயத்தில் வேலை செய்யும் பெடியனுக்கு மட்டும் தெரியும்; விளக்கின்மேல் கறுப்புப் பட்டி. இழுபட்ட கோடு போர்வை போட்ட நாட்களில் குறுகியது. போடாத நாட்களில் நீண்டது. ஆனால் துடிப்பு ஓடிய நாளுக்கும் ஓடாத நாளுக்கும் வித்தியாசம் காணமுடியவில்லை. மகள் 'லேசா நடக்கிறாள்' என்று மெச்சிய இரண்டு காலைகளில் கருவி அணைந்தே கிடந்தது. ஒரு குதிரையை வைத்து விஞ்ஞானம் பேசமுடியாதுதான். ஆனாலும் என் பணத்தைச் செலவழிக்காமல் இருப்பதற்கு இவ்வளவு சாட்சி போதும்.

விளம்பரங்கள் மெத்தச் சொல்வது ஒன்றுண்டு: அமெரிக்காவில் 1979இலேயே எஃப்.டி.ஏ. அனுமதித்த சிகிச்சை இது என்று. உண்மை. ஆனால் அது மனிதருக்கு, சேராமல் கிடக்கும் எலும்பு முறிவுக்கு. தேய்ந்த மூட்டுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. குதிரைகளில் நடந்த ஆய்வுகள் குறைவு, முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

குதிரைக்காலின் அமைப்பும் யோசிக்க வைக்கிறது. ஹொக்குக்குக் கீழேயும் முன் முழங்காலுக்குக் கீழேயும் தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், தோல். இரத்தத்தை மேலே தள்ளுவதில் பெரும்பங்கு குளம்பினுடையது: காலை ஊன்றும்போது உள்ளேயிருக்கும் இரத்தக்குழாய்கள் அழுந்தும், தூக்கும்போது மீண்டும் நிரம்பும். கால் உறைகளை விட்டால், முதுகில் கனத்துக் கிடக்கும் போர்வை இந்தப் பகுதியைத் தொடவே இல்லை. தசைநாண் போனால் எத்தனை பெரிய குதிரைக்கும் ஓட்டம் முடிந்தது என்பதை ஒஷாவாக்காரருக்கு விளக்கவேண்டாம். 1961இல் இங்குள்ள பண்ணையில் பிறந்த நோதர்ன் டான்சர், 1964 கென்டக்கி டேர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி வென்றது. அதே ஆண்டிலேயே தசைநாண் கெட்டு ஓய்வுக்குப் போனது. பிறகு பொலிக்குதிரையாக 29 வயதுவரை வாழ்ந்தது. 1990இல் மேரிலாண்டில் இறந்தபின் உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். ஈ. பி. டெய்லரின் அந்த விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணை 2009இல் மூடப்பட்டது. இன்று அங்கே ஒன்ராறியோ டெக் பல்கலைக்கழகக் கட்டடங்களும் வீடுகளும். ஸ்காபரோவிலிருந்து கிழக்கே நகர்ந்த எங்கள் சனம் பலர் விண்ட்ஃபீல்ட்ஸ் ஃபார்ம் டிரைவ் வழியாகத்தான் போய்வருகிறார்கள், குதிரையை நினைக்காமலே.

நெடுந்தீவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் போர்வைக் கதை சிரிப்பை வரவழைக்கும். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வம்சம் அங்கே இன்னும் கட்டாக்காலியாகத் திரிகிறது. வறட்சியில் தண்ணீருக்குத் தவிக்கின்ற பிழைப்பு அது, பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவை நாள்முழுக்க நடக்கின்றன. எங்கள் கிழவியோ ஒன்ராறியோக் குளிர்காலத்தில் இரவு முழுக்க மரப்பெட்டி போன்ற கொட்டிலில் நிற்கிறாள். காலையில் மூட்டு இறுகாமல் என்ன செய்யும்?

பனித்தடத்தில் எல்லாவற்றையும்விட அதிக மாற்றத்தைக் கொண்டுவந்தது கால்மணி நேரக் கைநடைதான். அதற்கடுத்தது லாடம் அடிப்பவர் குளம்பின் முன்நுனியைச் சற்று உருட்டிவிட்டது; கால் சுலபமாகப் புரண்டு எழும்புகிறது. பிறகு மருந்து. பியூட் என்று லாயத்தில் சொல்லும் பினைல்பியூட்டசோன் மலிவு, நன்றாகக் கேட்கும். நீண்டநாள் கொடுத்தால் வயிற்றையும் குடலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஃபிரோகோக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் இதமானது, விலை கூட. எதை, எவ்வளவு என்பதை மிருக வைத்தியர் சொல்லட்டும். அவரை முதலில் கூப்பிட இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குதிரைகளுக்கு வரும் குஷிங் நோயோடு குளம்பழற்சி சேர்ந்துகொள்ளும். பார்வைக்கு அது வாதம்போலவே இருக்கும். குளம்பழற்சி என்று தெரியாமல் நடக்கவிட்டால் குளம்புக்குள் எலும்பே இறங்கிவிடலாம்.

போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வாடகைக்கு எடுத்தே பார்ப்பேன் என்பவர்கள் இரண்டாவது பற்றரி கேட்டு வாங்குங்கள். பரிசோதனைக் காந்தம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுப் பட்டியை நான்கு விரல் நுழையும்படி விடுங்கள், பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வாங்குவதற்கு வைத்திருந்த காசில் மகள் லாயத்துக்காரரிடம் பேசி, கிழவியை இரவிலும் வெளியே விடும் கொட்டகையுள்ள புல்வெளிக்கு மாற்றியிருக்கிறாள். மாதவாடகை கொஞ்சம் கூட. தண்ணீர் உறையாமல் இருக்கச் சூடாக்கி வைத்த தொட்டியும் அங்கே உண்டு.